மைக் வைக்கும் பாணிகளும் மோனோ என்னும் உரைகல்லும்

மிருதங்கத்தில் தஞ்சாவூர்ப் பாணி, புதுக்கோட்டைப் பாணி என்று பேசுகிறோம். மைக் வைப்பதிலும் அப்படிப் பாணிகள் உண்டு என்பது நம் ரசிகர்களில் பலருக்குத் தெரிந்திராது. லண்டன், கோபன்ஹேகன், பாரிஸ், நியூயார்க் என்று ஊருக்கொரு வழக்கமாக அவை வளர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் முன்னோடி உண்டு, இலக்கணம் உண்டு, இம்மியும் விட்டுக்கொடுக்காத சீடர்களும் உண்டு. அத்தனை பேரும் மல்லுக்கட்டியது ஒரே சங்கடத்தோடுதான். ஒரு வாத்தியத்தின் ஒலி இரண்டு மைக்குகளுக்குச் சற்றே முன்பின்னாகப் போய்ச் சேர்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஒலியின் ஒரு பகுதி மற்றொரு பகுதியைத் தின்றுவிடுகிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் ஃபேஸ் பிரச்சினை என்று சொல்வது இதைத்தான்.

கணக்கு எளிது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. அதாவது, ஒரு மில்லி நொடியில் 34 சென்டிமீட்டர். ஒரு மைக்கைவிட இன்னொன்று 34 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, இரண்டும் ஒரே அளவில் கலக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். 500 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 68 சென்டிமீட்டர். 34 அதில் சரிபாதி. ஒன்றில் அலை மேலேறும்போது மற்றொன்றில் கீழிறங்கும், இரண்டும் சேர்ந்தால் 500 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். 1000 இரட்டிப்பாகும், 1500 மறுபடி அழியும், 2000 மறுபடி எழும்பும். வரைபடமாகப் போட்டால் சீப்பின் பல்வரிசைதான். கோம்ப் ஃபில்டர் என்ற பெயர் அதனால் வந்தது. காதில் விழும்போது குரல் உள்ளீடற்று, குழாய் வழியே வருவதாகத் தோன்றும். ஈக்வலைசரைத் திருகி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். அழிந்துபோன அலையை எவ்வளவு தூக்கினாலும் அது திரும்பி வராது.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று போலாரிட்டி. கேபிளுக்குள் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருந்தால் எல்லா அலைகளும் ஒருசேரத் தலைகீழாகும். அங்கே காலதாமதம் எதுவும் இல்லை. மிக்ஸரில் ஃபேஸ் என்று எழுதியிருக்கும் பொத்தான் உண்மையில் திருப்புவது போலாரிட்டியைத்தான், நேரத்தை அது தொடுவதே இல்லை. எக்ஸ்.எல்.ஆர். பிளக்கில் இரண்டாம் பின்தான் பாசிட்டிவ் என்று ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி 1992-இல் தரம் வகுத்தது. அதற்கு முந்தைய அமெரிக்கக் கருவிகள் சிலவற்றில் மூன்றாம் பின் பாசிட்டிவாக இருக்கும். பழைய கருவிகளைப் புதியவற்றோடு சேர்த்துப் பயன்படுத்தும் ஸ்டூடியோக்கள் இதை முதலில் சோதிக்க வேண்டும். தலைகீழ்க் கம்பியையே உத்தியாக்கியவர்களும் உண்டு. 1974-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவினர் பிரம்மாண்டமான ஸ்பீக்கர் சுவரைத் தங்கள் முதுகுக்குப் பின்னால் எழுப்பிக்கொண்டு பாடினார்கள். ஒவ்வொரு பாடகருக்கும் எதிரெதிர் போலாரிட்டியில் இரண்டு மைக்குகள். பாடியது ஒன்றில் மட்டும். ஸ்பீக்கர் ஒலி இரண்டிலும் சமமாக விழுந்து தன்னைத்தானே அழித்துக்கொண்டது, குரல் மட்டும் தங்கியது.

இனி பாணிகள். காலதாமதமே கூடாது என்பது லண்டன் பாணி. அதன் மூலவர் ஆலன் புளூம்லைன். 1931 டிசம்பரில் ஸ்டீரியோவுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது அவருக்கு வயது 28. எட்டு வடிவில் முன்னும் பின்னும் கேட்கும் இரண்டு மைக்குகளை ஒரே புள்ளியில், 90 டிகிரி கோணத்தில் குறுக்காக வைப்பது அவர் பெயரால் வழங்கும் முறை. ஒலி இரண்டையும் ஒரே கணத்தில் தொடுகிறது. இடமும் வலமும் பிரிவது அளவு வேறுபாட்டால் மட்டுமே. 1934 ஜனவரியில் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் மோட்ஸார்ட்டின் ஜூபிட்டர் சிம்ஃபனியை நடத்தியபோது அதைப் புளூம்லைன் ஸ்டீரியோவில் பதிவு செய்தார். 1942-இல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்தார். அவருடைய ஸ்டீரியோவை உலகம் எடுத்துக்கொள்ள அதன்பின் பல ஆண்டுகள் ஆயின.

இந்த முறை முழுக்கக் குற்றமற்றது என்று அதன் சீடர்கள் சொல்வார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். எட்டு வடிவ மைக்கின் பின்பக்கம் எதிர் போலாரிட்டி. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு மைக்கின் முன்பக்கத்திலும் மற்றதன் பின்பக்கத்திலும் விழுகிறது. ஆகவே சுவரில் மோதி வரும் பக்க ஒலி, இடமும் வலமும் ஒன்றாகக் கூடும் மோனோவில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். மேடை அகலமாக இருந்தால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியத்துக்கும் அதே கதிதான். டேனிஷ் வானொலியில் ஹோல்கர் லாரிட்சன் வளர்த்த மிட்-சைடு முறைதான் மோனோவுக்கு மிகச் சுத்தமானது. நேராகப் பார்க்கும் மைக் ஒன்று, பக்கவாட்டில் திரும்பிய எட்டு வடிவ மைக் ஒன்று. இரண்டையும் கூட்டினால் இடப்பக்கம், கழித்தால் வலப்பக்கம். மோனோவாக்கினால் பக்க மைக் முழுவதும் அழிந்து, நடு மைக் மட்டும் மாசில்லாமல் நிற்கும்.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். 1933 ஏப்ரலில் பெல் ஆய்வுக்கூடத்தார் பிலடெல்பியாவில் வாசித்த ஆர்கெஸ்ட்ராவை, பரவலாக வைத்த மூன்று மைக்குகள் வழியாக மூன்று தொலைபேசித் தடங்களில் வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே மூன்று ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டார்கள். ஒவ்வொரு மைக்குக்கும் தனி ஸ்பீக்கர் என்பதால் மின்சாரத்தில் கலப்பே இல்லை, சண்டையும் இல்லை. மெர்க்குரி நிறுவனத்தின் பாப் ஃபைன் 1951-இல் சிகாகோ சிம்ஃபனியை ஒரே ஒரு மைக்கில் பதிவு செய்தார். ஒற்றை மைக்குக்கு ஃபேஸ் தகராறு ஏது?

டெக்கா நிறுவனத்தின் பாணியில் அந்தத் துணிச்சலும் உண்டு, தகராறும் உண்டு. 1954-இல் ஜெனீவாவின் விக்டோரியா ஹாலில் அவர்கள் ஸ்டீரியோ பதிவைத் தொடங்கினார்கள். ராய் வாலஸும் ஆர்தர் ஹாடியும் உருவாக்கிய டெக்கா ட்ரீ என்ற சட்டத்தில் மூன்று மைக்குகள்: இடமும் வலமும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் இடைவெளியில், நடுவிலுள்ளது ஒன்றரை மீட்டர் முன்தள்ளி. நியூமான் எம்.50 அவர்களுக்கு உகந்த மைக். மேடையின் ஒலி முதலில் நடு மைக்கைத் தொடுவதால் காது அதையே பிடித்துக்கொள்கிறது. மற்ற இரண்டும் சில மில்லி நொடி பின்னால் வந்து விசாலம் சேர்க்கின்றன. கிங்ஸ்வே ஹாலில் கென்னத் வில்கின்சன் செய்த பதிவுகளின் கம்பி வாத்தியங்களை நல்ல ஸ்பீக்கரில் கேட்டவர்கள், காலதாமதம் எப்போதும் பகை என்று சொல்லத் தயங்குவார்கள். ஆனாலும் அதே ஒலித்தட்டை மோனோவாக்கிக் கேட்டால் அந்த விசாலத்தில் கொஞ்சம் மங்கிப்போகும். டெக்காக்காரர்கள் அதைத் தெரிந்தே ஏற்றார்கள்.

வானொலிக்காரர்களால் அப்படி ஏற்க முடியவில்லை. 1961-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்ட எஃப்.எம். ஸ்டீரியோ முறையில் இடமும் வலமும் கூட்டிய தொகைதான் முதன்மை அலை. அவற்றின் வேறுபாடு 38 கிலோ ஹெர்ட்ஸ் துணை அலையில் போகிறது. மோனோ ரேடியோ வைத்திருப்பவருக்குக் கிடைப்பது கூட்டுத்தொகை மட்டுமே. அதில் வாத்தியம் அழிந்தால் அவருக்கு அது இல்லவே இல்லை. எனவே பிரெஞ்சு வானொலி நடுவழி கண்டது: முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் இரண்டு கார்டியாய்டு மைக்குகள், 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 டிகிரி. டச்சு வானொலி 30 சென்டிமீட்டர், 90 டிகிரி என்று வைத்தது. 17 சென்டிமீட்டரில் தாமதம் அதிகபட்சம் அரை மில்லி நொடி. அதுவும் ஒலி நேர் பக்கவாட்டிலிருந்து வந்தால்தான். அப்போது ஒரு மைக் மற்றதைவிட வெகு குறைவாகவே கேட்கும், ஆகவே அழிவும் குறைவு. சிக்கனமான, அழகான தீர்வு. ஒலித்தட்டு வெட்டுபவர்களும் இதே கண்டிப்பைக் காட்டினார்கள். ஸ்டீரியோ தட்டின் வரிப்பள்ளத்தில் கூட்டுத்தொகை பக்கவாட்டில் அசைகிறது, வேறுபாடு மேலும் கீழுமாக அசைகிறது. அடிநாதம் இருபுறமும் எதிரெதிராக இருந்தால் ஊசி எகிறிவிடும்.

பிறகு வந்தது பல டிராக் காலம். வாத்தியத்துக்கு ஒன்று, டிரம்ஸுக்கு மட்டும் எட்டு என்று மைக்குகள் பெருகின. எலக்ட்ரோ-வாய்ஸ் நிறுவனத்தின் லூ பரோஸ் 1974-இல் வந்த தம் நூலில் விளக்கிய மூன்றுக்கு ஒன்று விதி இந்தப் பாணியின் இலக்கணமாயிற்று. வாத்தியத்துக்கும் அதன் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும். மூன்று மடங்கு தூரத்தில் ஒலி சுமார் 9.5 டெசிபல் குறைகிறது. அந்த அளவில் கலந்தால் கோம்ப் ஃபில்டரின் மேடு பள்ளம் மொத்தம் 6 டெசிபலுக்குள் அடங்கும். இது தனித்தனி வாத்தியங்களுக்கான விதி. ஸ்டீரியோ ஜோடிக்கும் இதைப் பொருத்திப் பார்த்து டெக்கா ட்ரீயைத் தவறென்பவர்கள் விதியின் நோக்கத்தைப் பிடிக்கவில்லை. லண்டனில் கிளின் ஜான்ஸ் டிரம்ஸின் மேலும் பக்கத்திலும் வைத்த இரண்டு மைக்குகளும் ஸ்நேர் டிரம்மிலிருந்து சம தூரத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். லெட் செப்பலின் முதல் ஆல்பத்தில் கேட்பது அந்த முறைதான். அவரைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் அளவு டேப்பும் கையுமாகத்தான் மைக் வைக்கிறார்கள்.

நம் மேடைக்கு வருவோம். கர்நாடகக் கச்சேரிப் பதிவு, பல மைக் பாணியின் மிகக் கடினமான தேர்வுகளில் ஒன்று. நாலைந்து பேர் ஒரு சின்ன மேடையில், தடுப்பேதும் இல்லாமல், முழங்காலுக்கு முழங்கால் உட்கார்ந்து வாசிக்கிறார்கள்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலைக்கு ஒரு மைக், தொப்பிக்கு ஒரு மைக் என்பது வழக்கம். வலந்தலையை அடிக்கும்போது தோல் உள்ளே போகிறது. உள்ளிருக்கும் காற்று நெருக்கப்பட்டுத் தொப்பித் தோலை வெளியே தள்ளுகிறது. ஒரு மைக்கின் முன்னால் காற்று தளர்கிறது, மற்றதன் முன்னால் இறுகுகிறது. இரண்டையும் அப்படியே கூட்டினால் அடிநாதம் மெலிந்துவிடும். தொப்பியை அடித்தாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறும். ஆகவே தொப்பி மைக்கின் போலாரிட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கும்கி உடனே கனத்துவிடும், நெஞ்சில் தட்டும். தோல் பல விதமாக அதிர்வதால் எல்லா மிருதங்கத்துக்கும் இது ஒரே மாதிரி பொருந்தும் என்று சொல்ல முடியாது. பொத்தானை அமுக்கி, எடுத்து, எது தடித்துக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்வதே முறை. மைக் தோலிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால் மூன்றுக்கு ஒன்று விதியும் தானாக நிறைவேறும். மிருதங்கத்தின் நீளமே ஏறக்குறைய இரண்டடி. மைக்கைத் தள்ளித்தள்ளி வைக்க, எதிர்த்தலையின் ஒலி ஏறி வரும்.

வயலினில் பிரச்சினை வேறு. வயலினில் ஒட்டிய பிக்கப்பும் அரை மீட்டர் தள்ளி ஒரு மைக்கும் வைத்தால், மைக்கின் ஒலி ஒன்றரை மில்லி நொடி பிந்தி வரும். பிக்கப்பை அதே அளவு தாமதப்படுத்திவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். 48 கிலோ ஹெர்ட்ஸ் பதிவில் ஒரு சாம்பிள் என்பது ஏழு மில்லிமீட்டர் தூரத்துக்குச் சமம். கணினியில் அவ்வளவு நுணுக்கமாக நகர்த்தலாம். பாஸ் கிதாரின் நேரடி லைனையும் ஆம்ப்ளிஃபயர் மைக்கையும் இணைப்பதும் இப்படித்தான்.

இந்த வெற்றியைப் பார்த்துவிட்டு எல்லா மைக்கையும் நகர்த்திச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்கள்தான் இன்று அதிகம். முடியாது. பாடகரும் மிருதங்கக்காரரும் ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறார்கள். பாடகரின் மைக்கில் மிருதங்க ஒலி சுமார் 4.4 மில்லி நொடி பிந்தி விழுகிறது. அதோடு சேர மிருதங்க மைக்கை 4.4 மில்லி நொடி தாமதித்தால் மிருதங்கம் ஒத்துப்போகும். ஆனால் மிருதங்க மைக்கிலும் பாடகரின் குரல் விழுகிறதே! அது ஏற்கெனவே 4.4 பிந்தியது; இப்போது 8.8 ஆகிவிடும். ஒரு வாத்தியத்துக்கு இரண்டு மைக் என்றால் கணினி உதவும். இரண்டு பேருக்கு இரண்டு மைக் என்றால் ஒருவரைச் சரிசெய்வது மற்றவரைக் கெடுப்பதாகவே முடியும். தானாகச் சீரமைக்கும் மென்பொருள்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது. இதற்கு மருந்து மேடையில்தான் இருக்கிறது. பாடகர் மைக்கை நெருங்கிப் பாடினால் ஃபேடரைக் குறைக்கலாம், குறைத்தால் கசிவும் குறையும். கார்டியாய்டு மைக்கின் செவிட்டுப் பக்கம் மிருதங்கத்தைப் பார்க்கும்படி திருப்பலாம். தேவையில்லாத மைக்கை எடுத்துவிடலாம். மிருதங்கத்துக்கு மேலே மூன்றாவதாக ஒன்று தொங்குவதை நான் எங்கே பார்த்தாலும் அணைத்துக் கேட்கச் சொல்வேன்.

கச்சேரி தொடங்குமுன் ஒரு நிமிடம் செலவழித்தால் இந்தக் கோளாறுகளில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும். மிக்ஸரை மோனோவில் போட வேண்டும். முதலில் ஒரு மைக்கை மட்டும் திறந்து, அடுத்ததை மெல்ல ஏற்ற வேண்டும். இரண்டாவது சேரும்போது முதலாவது மெலிந்தால் அங்கே ஃபேஸ் கெட்டிருக்கிறது என்று பொருள். இடமும் வலமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டர் மைனஸ் பக்கம் சாய்ந்தே கிடந்தாலும் அதே பொருள்தான். நம் சபாக்களிலும் கோவில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கி பெரும்பாலும் மோனோ, கைபேசியின் ஒற்றை ஸ்பீக்கரும் மோனோ. ஹெட்போனில் கேட்டு மயங்கிய விசாலம் இந்த இடங்களில் ஓட்டையாகத் தெரியும்.

அரங்கின் பின்வரிசையில் கைதட்டலுக்கென்று வைக்கும் மைக்கைப் பற்றி மட்டும் எங்கள் தொழிலில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. மேடையிலிருந்து 15 மீட்டர் என்றால் 44 மில்லி நொடி தாமதம். அதை முழுவதும் முன்னால் இழுத்து மேடையோடு ஒட்டவைப்பவர்கள் ஒரு சாரார். தொடக்கூடாது என்பவர்கள் இன்னொரு சாரார். முழுவதும் இழுத்தால் அரங்கின் ஆழம் போய்விடும், குரலுக்குக் கோம்ப் ஃபில்டரும் வந்து சேரும். அப்படியே விட்டால் தனி ஆவர்த்தனத்தின் துரித காலச் சொற்கள் இரட்டை இரட்டையாகக் கேட்கும். 15 முதல் 20 மில்லி நொடி வரை மிச்சம் வைத்து இழுப்பதும், அந்த மைக்கின் கீழ் ஸ்தாயியை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுவதும், கோர்வை முடிந்து கைதட்டல் எழும் இடத்தில் மட்டும் ஃபேடரை ஏற்றுவதும் என் முறை.