ஒருசந்தியும் நோன்பும்: பெங்களூருத் தமிழ்ப் பங்குகளின் தவக்காலச் சொற்கள் – ஒரு மதிப்பீடு

0. முன்னுரை

கிறித்தவத் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் விவிலிய மொழிபெயர்ப்பையும் வீரமாமுனிவர் முதலியோரின் இலக்கியப் பணியையும் சார்ந்தே அமைந்துள்ளன. பங்கு மக்கள் ஆண்டுதோறும் ஒன்றுகூடிச் சொல்லும் வழிபாட்டுச் சொற்கள் அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. அச்சொற்களுள் ஒரு சிறு தொகுதியை, அதாவது உயிர்ப்பு விழாவுக்கு முந்திய நாற்பது நாள் தவத்தைக் குறிக்கும் சொற்களை, இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. பழைய சொற்கள் நீக்கப்பட்டுப் புதியன புகுத்தப்பட்டபோது மொழிபெயர்ப்பு என்ற முறையில் பெற்றது எது, இழந்தது எது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா.

இவ்வினாவுக்குப் பெங்களூரு ஏற்ற களமாகும். 1809இல் இங்குப் படைவீடு அமைந்தபின் சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறினர். சிவாஜிநகர்ப் புனித மரியன்னை பேராலயத்தின் தொடக்கம், செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவர் எழுப்பிய சிறு கோயில் என்பது மரபு. இன்றுள்ள கட்டடம் 1875க்கும் 1882க்கும் இடையே எழுந்தது. ஒரே கூரையின்கீழ்த் தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் முறைவைத்து ஒலிக்கும் கோயில் அது. இந்நகரில் வழிபாட்டு மொழி பற்றிய வாதங்கள் பல பத்தாண்டுகளாக நிகழ்ந்து வந்துள்ளன. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கல்வி கற்கும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்குத் திருப்பலியில் கேட்கும் தமிழே எழுத்துத் தமிழோடு உள்ள முதன்மையான தொடர்பு. ஆகவே இங்கு ஒரு வழிபாட்டுச் சொல் பிழைபட்டால் அதனைத் திருத்திக்கொள்ள வேறு வாயில்கள் குறைவு.

1. மாற்றத்தின் பின்னணி

தமிழ்க் கத்தோலிக்கச் சொல்வழக்கு மூன்று அடுக்குகளை உடையது. முதலாவது, 1578இல் அச்சான 'தம்பிரான் வணக்கம்' காலத்து அடுக்கு. போர்த்துக்கீசிய, இலத்தீன் சொற்கள் தமிழ் ஒலிக்கேற்ப இதில் அமைந்தன. 'இஸ்பிரித்துசாந்து' என்பது ஓர் எடுத்துக்காட்டு. இரண்டாவது, 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் நெறியைத் தொடர்ந்து வளர்ந்த வடமொழி சார்ந்த அடுக்கு. பூசை, சர்வேசுரன், ஞானஸ்நானம், அர்ச்சியசிஷ்டர் என்பன இவ்வகையின. மூன்றாவது, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய கொள்கை விளக்கத்தை வெளியிட்டு மக்கள் மொழிக்கு இடமளித்தபின் உருவானது. பூசை திருப்பலியாயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்காயிற்று, அர்ச்சியசிஷ்டர் புனிதராயினர். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய 'திருவிவிலியம்' இவ்வழக்கிற்கு நிலைபேறு தந்தது.

இக்காலத்தில் இரண்டு ஓட்டங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. ஒன்று, மறைமலையடிகள் 1916இல் தொடங்கிவைத்த தனித்தமிழ் நோக்கு. மற்றொன்று, இந்தியப் பண்பாட்டுக் கூறுகளை வழிபாட்டில் ஏற்கும் நோக்கு. பின்னதற்கு 1967இல் பெங்களூரில் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுவமும், அதன் முதல் இயக்குநரும் தமிழருமான து. ச. அமலோர்பவதாசும் முதன்மையான காரணிகள். காலணி களைதல், தரையில் அமர்தல், கைகூப்பல், ஆரத்தி முதலிய தழுவல்களுக்கு 1969இல் உரோமை இசைவு தந்தது. செயல்களில் இந்து மரபின் அண்மையை நாடிய திருச்சபை, சொற்களில் வடமொழியிலிருந்து விலகியது. தவக்காலச் சொற்களில் இவ்விரு ஓட்டங்களும் மோதுவதைக் காணலாம்.

2. காலத்தின் பெயர்

இலத்தீனில் இக்காலத்தின் பெயர் 'குவாட்ராஜெசிமா'. நாற்பதாவது என்பது பொருள். அது போர்த்துக்கீசியத்தின் வழியே பெங்களூரில் வாழும் கொங்கணியரிடம் 'கரெஜ்ம்' என வழங்குகிறது. ஆங்கிலச் சொல் வசந்த காலத்தைக் குறித்த பழைய சொல்லிலிருந்து வந்தது. ஆக, இலத்தீன் எண்ணிக்கையையும் ஆங்கிலம் பருவத்தையும் பெயராக்கின. தமிழ்க் கத்தோலிக்கர் 'தபசு காலம்' என்றும் பின்னர்த் 'தவக்காலம்' என்றும் செயலையே பெயராக்கினர். கன்னடத்திலும் 'தபஸ்ஸு கால' என்பதே வழக்கு.

தவம் என்ற சொல் காட்டில் தனித்திருக்கும் முனிவரை நினைவூட்டும். ஊர்நடுவே கூடி வாழும் பங்குக்கு அது பொருந்துமா என ஐயுறலாம். 'காலம்' என்னும் சொல் சேர்ந்ததும் அவ்வையம் நீங்குகிறது. தவம் தனியொருவர் மேற்கொள்வது. தவக்காலமோ எல்லார்மேலும் ஒருங்கே வருவது. மேலும் வள்ளுவர் தவத்தை வரையறுக்கும்போது, தம் துன்பத்தைப் பொறுப்பதோடு பிறவுயிர்க்குத் துன்பம் இழையாமையையும் இணைத்துக் கூறுவதால், அச்சொல்லுக்குச் சமூகப் பொருள் முன்னரே உண்டு. சீர்திருத்தச் சபையினரின், குறிப்பாகத் தென்னிந்தியத் திருச்சபையினரின், வழக்கு 'லெந்து காலம்' என்பதாகும். லகரம் மொழிக்கு முதலில் வாராது என்ற விதியைக் கடந்து, ஈற்றில் மட்டும் குற்றியலுகரம் ஏற்றுத் தமிழான சொல் இது. பிற சமயச் சாயல் ஏதும் அதில் இல்லை என்பது உண்மை. ஆனால் அச்சாயலோடு பொருளும் இல்லாமற்போயிற்று.

3. விபூதி, திருநீறு, சாம்பல்

தவக்காலத்தின் முதல் நாளில் சென்ற ஆண்டின் குருத்தோலைகளை எரித்துப் பெற்ற சாம்பல் நெற்றியில் பூசப்படுகிறது. இந்நாள் முன்னர் 'விபூதிப் புதன்' எனப்பட்டது. இன்று 'திருநீற்றுப் புதன்', 'சாம்பல் புதன்' என்னும் இரண்டும் வழங்குகின்றன.

விபூதியை நீக்கித் திருநீற்றை வைத்தது தனித்தமிழ் நோக்கில் வெற்றி. பொருள் நோக்கில் மாற்றம் ஏதும் நிகழவில்லை. சைவச் சாயல் மிகவே செய்தது. விபூதி என்பதற்குச் செல்வம், மேன்மை என்ற பொருள்கள் உண்டு. திருநீறோ ஞானசம்பந்தர் தனிப்பதிகம் பாடிய பொருள். காப்பும் அருளும் தருவது. விவிலியத்தில் சாம்பல் இழவின் அடையாளம். மனிதன் மண்ணாவான் என்னும் நினைவூட்டல். அருளைக் குறிக்கும் சொல்லால் இழவைக் குறிப்பது இயலாததன்று. அதற்கு விளக்கம் வேண்டும். கர்நாடகத்தில் இவ்விளக்கத்தின் தேவை இன்னும் மிகுதி. இங்கு விபூதி, வீரசைவரின் எட்டு ஆவரணங்களுள் ஒன்று. தெருவில் நாளும் காணும் அடையாளம். கன்னடத் திருச்சபையில் 'விபூதி' என்பதோடு எளிய சாம்பலைக் குறிக்கும் 'பூதி' என்ற சொல்லும் வழங்குவது நோக்கத்தக்கது. தமிழில் 'சாம்பல்' அதே பணியைச் செய்யும். அடுப்படிச் சொல் என்பதே அதன் தகுதி: அந்நாளின் செய்தி தாழ்மை.

4. ஒருசந்தியும் சுத்தபோசனமும்

இம்மதிப்பீட்டின் மையமான சொற்கள் இவை. திருச்சபையின் கட்டளைகளை மனப்பாடம் செய்த முந்திய தலைமுறையினர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வர். ஆயினும் இவை வேறுவேறு கடமைகள். ஒருசந்தி உணவின் அளவைப் பற்றியது: ஒரு முழு உணவு. காலையிலும் மாலையிலும் சிறிதளவு உண்பதை 1966ஆம் ஆண்டின் திருத்தந்தை மடல் தடுக்கவில்லை. சுத்தபோசனம் உணவின் வகையைப் பற்றியது: இறைச்சி நீங்கிய உணவு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டப்படி முன்னது பதினெட்டு வயது நிறைந்தோர்க்கு அறுபதாம் வயது தொடங்கும் வரை உரியது. பின்னது பதினான்கு நிறைந்தோர்க்கு உரியது. மேல் எல்லை இல்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசனத்துக்கு மட்டும் உரியவை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியுமே இரண்டுக்கும் உரிய நாள்கள்.

இன்றைய பங்கு அறிவிப்புகளில் இவ்விரண்டும் 'நோன்பு' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுவது இயல்பாகிவிட்டது. 'இன்று நோன்பு நாள்' என்று கேட்கும் எழுபது வயது மூதாட்டி எதை விடவேண்டும்? சட்டம் அவரிடம் கேட்பது இறைச்சியை மட்டுமே. பதினைந்து வயதுச் சிறுவனிடம் கேட்பதும் அதுவே. அச்சொல் இதனைச் சொல்வதில்லை. நோயுற்ற முதியவர் மருந்துண்ணும் வேளையிலும் பட்டினி கிடக்க நேர்ந்தால் அது பக்தியின் மிகையால் மட்டும் நேர்ந்ததாகாது. சொல்லின் குறையும் அதில் உண்டு.

நோன்பு பழமையான நல்ல சொல். ஆனால் அதன் பொருட்பரப்பு பெரிது: பாவை நோன்பு வேறு, காரடையான் நோன்பு வேறு. சிவாஜிநகரில் கோயிலை அடுத்து வாழும் இசுலாமியத் தமிழர்க்கு நோன்பு என்பது விடியல் முதல் மாலை வரை நீரும் அருந்தாமை. 2025ஆம் ஆண்டில் இந்தியாவில் ரமலான் மார்ச் 2ஆம் நாளும் தவக்காலம் 5ஆம் நாளும் தொடங்கின. ஒரே தெருவில் ஒரே சொல் இரண்டு ஒழுக்கங்களைக் குறித்தது. ஒருசந்தி என்ற சொல்லிலோ அளவு சொல்லுக்குள்ளேயே உள்ளது. 'சந்தி' வடசொல் என்பதால் அது விலக்கப்பட்டிருப்பின், 'காலம்' என்பதன் பிறப்பு பற்றி எழும் வாதத்தையும் கணக்கில் கொண்டிருக்க வேண்டும்.

சுத்தபோசனத்தின் நிலை வேறு. இறைச்சி நீங்கியதைச் 'சுத்தம்' என்றால் இறைச்சி உள்ளது அசுத்தம் என்பது தானே பெறப்படும். திருச்சபை இறைச்சியைத் தீட்டென்று கூறவில்லை. நல்லதொன்றை மனமுவந்து துறக்கவே சொல்கிறது. உணவை வைத்து மனிதரைத் தாழ்த்திய சமூகத்தில், அவ்வாறு தாழ்த்தப்பட்ட மக்கள் பெருந்தொகையாக உள்ள பங்குகளில், இச்சொல் அவர்தம் அன்றாட உணவின்மேல் பழி சுமத்தியது. இதனை நீக்கியது நேரிய செயல். அதற்கு ஈடாகப் 'புலால் தவிர்த்தல்' என எழுதுவோர் மற்றொரு இடருக்குள்ளாகின்றனர். புலால் மீனையும் அதன் நாற்றத்தையும் குறிக்கும் சொல். சட்டமோ மீனைத் தடுக்கவில்லை. வள்ளுவரின் 'புலால் மறுத்தல்' அதிகாரம் முற்றத் துறத்தலைப் பற்றியது. இங்குள்ளதோ நாள் குறித்த விலக்கு. 'இறைச்சி தவிர்த்தல்' என்ற எளிய தொடரே போதும்.

5. பாடுகள், நிலைகள், பெரிய வெள்ளி

மாறாது நின்ற சொல் 'பாடுகள்'. இதற்கு இணையான இலத்தீன் சொல், துன்புறு, உட்படு என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. அவ்வினையே ஐரோப்பிய இலக்கணத்தில் செயப்பாட்டு வினையின் பெயருக்கும் வேர். தமிழில் 'படு' துன்புறுதலைக் குறிப்பதோடு செயப்பாட்டு வினையின் துணைவினையாகவும் அமைகிறது. அது முதல் நீண்டு 'பாடு' ஆகிறது. இரு மொழிக் குடும்பங்களின் இலக்கணமும் ஒரே இடத்தில் சந்திக்கும் மொழிபெயர்ப்புகள் அரியவை. மேலும் 'பாடுபடுதல்' உழைப்பையும் குறிக்கும். படைவீட்டுத் தமிழரின் உழைப்பு வாழ்வோடு இச்சொல் தானே ஒட்டிக்கொள்கிறது.

சிலுவைப் பாதையின் பதினான்கு இடங்கள் முன்னர் 'ஸ்தலம்' எனப்பட்டன, இன்று 'நிலை'. மூலச் சொல் நிற்றல் என்னும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நிலையும் நில் என்பதன் அடியாகப் பிறந்தது. மக்கள் ஒவ்வோரிடத்தும் நின்று, முழந்தாளிட்டு, எழுந்து நடக்கின்றனர். சொல்லும் உடலும் ஒத்துச்செல்லும் இம்மாற்றம் முழு ஆதாயம்.

'பெரிய வெள்ளி' என்பதும் போற்றத்தக்கது. கன்னடத்தில் ஆங்கிலத்தை ஒட்டிச் 'சுப சுக்ரவார' என வழங்குகிறது. இறப்பின் நாள் எவ்வாறு சுபமாகும் என அயலார் வினவுகின்றனர். மலையாளம் 'துக்கவெள்ளி' என உணர்வைப் பெயராக்கிற்று. தமிழ் அந்நாளின் அளவைச் சொல்லி அமைகிறது. இலத்தீன் வழிபாட்டு நூல்களும் அவ்வாரத்தைப் பெரிய வாரம் என்றே குறித்தன. அரசு விடுமுறைப் பட்டியலும் நாளிதழ்களும் வழங்கும் 'புனித வெள்ளி' பிழையன்று. எனினும் எந்தத் திருநாளுக்கும் பொருந்துவது.

6. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவது ஒன்று. வழிபாட்டுச் சொல்லை அதன் பிறப்பு கொண்டு கொள்வதும் தள்ளுவதும் போதிய அளவுகோல் ஆகா. அந்நாளில் அம்மக்கள் செய்யும் செயலை அச்சொல் சரியாகச் சொல்கிறதா என்பதே முதல் வினா. அவ்வளவுகோலால் நோக்கின், தவக்காலமும் பாடுகளும் பெரிய வெள்ளியும் நிற்கத்தக்கன, நிலை ஏற்கத்தக்கது, சுத்தபோசனம் மீளத்தக்கதன்று, திருநீற்றினும் சாம்பல் பொருந்துவது, ஒருசந்தி மீட்கத்தக்கது.

இளைஞர்க்கு ஒருசந்தி விளங்காது என்பர். விளங்காத சொல் வேறு, மறந்த சொல் வேறு. பொருளை முதற்சீரிலேயே சுமந்து நிற்கும் இச்சொல்லை ஒரு தவக்காலத்து அறிவிப்புகளிலேயே கற்பித்துவிடலாம். பெங்களூருப் பங்குகளில் தமிழ், கன்னட, ஆங்கில அறிவிப்புகளை ஆக்குவோர் ஒருவர் மற்றவரின் சொல்லைக் கேட்கும் தொலைவிலேயே பணியாற்றுகின்றனர். மூன்று மொழியினரும் கூடி, 'இந்நாளில் எவர் எதனை விடுகிறார்?' என்ற ஒரு வினாவை முன்வைத்துத் தத்தம் சொற்களை ஒப்பிட்டால், அதன் பயன் அகராதியோடு நில்லாது; அறிவிப்பைக் கேட்டு வீட்டுக்குச் செல்லும் மூதாட்டியின் உணவுத் தட்டு வரை செல்லும்.