இடித்த வாசலும் இடிக்காத வாசலும்

எங்கப்பா முப்பது வருசம் இரயில்வேயில் வேலை பார்த்தார். ஒரு ஜங்ஷனில் துப்புரவுத் தொழிலாளி. வண்டி நின்றுவிட்டுப் போன பிறகு தண்டவாளங்களுக்கு நடுவில் இறங்கி மலத்தைத் தள்ளிக் கழுவிவிட வேண்டும். பெட்டிகளில் பயோ டாய்லெட் வருவதற்கு முந்தைய காலம் அது. அந்த ஸ்டேஷனுக்கு வெள்ளைக்காரன் காலத்து முகப்பு ஒன்று உண்டு. பெரிய தூண்கள், மேலே கடிகாரம். அப்பா அந்த முகப்பு வழியாக உள்ளே போய் நான் பார்த்ததே இல்லை. குடியிருப்பிலிருந்து யார்டு வழியாக லைனைத் தாண்டித்தான் போவார், வருவார். சின்ன வயசில் ஒருநாள் கேட்டேன். “முன்வாசல் டிக்கெட் வாங்கினவனுக்குடா. நமக்கு லைன்தான் வழி” என்றார்.

இலண்டனில் இடிக்கப்பட்ட யூஸ்டன் இரயில் நிலையத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்கும்போதெல்லாம் அப்பாவின் இந்த வார்த்தை குறுக்கே வந்து நிற்கிறது. எங்கேயோ இருக்கிற யூஸ்டனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ‘பாரம்பரியக் கட்டடம்’ என்ற பெயரில் இன்று நம்மூரிலும் எழுதப்படுகிற புலம்பல்களுக்கு யூஸ்டன் ஒரு முன்மாதிரி. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் யாருடைய இழப்பு வரலாறாகிறது, யாருடைய இழப்பு விடுபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

முதலில் அவர்கள் சொல்கிற கதை. 1837 ஜூலை 20-இல் இலண்டன் - பர்மிங்காம் இரயில் கம்பெனியின் முனையமாக யூஸ்டன் திறக்கப்பட்டது. இலண்டனிலிருந்து நெடுந்தூர நகரங்களுக்கு வண்டி புறப்பட்ட முதல் நிலையம் அதுதான். பாதையை அமைத்த என்ஜினியர் ராபர்ட் ஸ்டீபன்சன். நிலையத்தின் முன்னால் பிலிப் ஹார்ட்விக் என்ற கட்டடக் கலைஞர் கிரேக்கக் கோயில் பாணியில் சுமார் எழுபது அடி உயரத்துக்கு ஒரு கல்வாயில் எழுப்பினார். ‘யூஸ்டன் ஆர்ச்’ என்று பெயர்தானே தவிர அதில் வளைவு எதுவும் கிடையாது. நான்கு பெரிய தூண்கள், மேலே நேரான கல் உத்தரம். வண்டி ஓடுவதற்கு அந்த வாயிலால் ஒரு உபயோகமும் இல்லை. செலவு 35,000 பவுண்டு. 1849-இல் பெரிய மண்டபம் ஒன்றும் சேர்ந்தது.

மின்மயமாக்கலை ஒட்டி நிலையத்தைப் புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லி 1961-62-இல் எல்லாவற்றையும் இடித்தார்கள். கவிஞர் ஜான் பெட்ஜமன், கலை வரலாற்றாசிரியர் நிகோலஸ் பெவ்ஸ்னர் போன்றவர்கள் எதிர்த்தார்கள். பிரதமர் மேக்மில்லனிடம் தூது போனார்கள். அவர் கேட்கவில்லை. 1968-இல் கண்ணாடியும் கான்கிரீட்டுமாகப் புது நிலையம் திறக்கப்பட்டது. ஆர்ச்சின் கற்களில் பெரும்பகுதி கிழக்கு இலண்டனில் ஒரு நீரோடையின் பள்ளத்தை அடைக்கப் போனது. டான் குருக்ஷாங்க் என்ற வரலாற்றாளர் 1994-இல் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்தார். திரும்ப எடுத்துக் கட்ட வேண்டும் என்று இயக்கமே நடக்கிறது.

நான் வாசித்த எழுத்தெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறது. வாயில் எழுந்தது, வாயில் விழுந்தது, நாகரிகம் விழுந்தது. ஆற்றுக்குள் கிடக்கிற ஒவ்வொரு கல்லையும் தேடுகிற இந்த அக்கறை, அந்தக் கல்லைச் சுமந்தவன் பக்கம் மட்டும் திரும்புவதில்லை.

சுமந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பாதையை வெட்டியவர்கள் சுமார் 20,000 பேர். மண்வெட்டி, கூடை, தள்ளுவண்டி, வெடிமருந்து. கில்ஸ்பி என்ற இடத்தில் சுரங்கம் வெட்டும்போது புதைமணலும் தண்ணீரும் உள்ளே பாய்ந்தன. அந்த ஒரு சுரங்கத்தில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கேம்டன் டவுனில் ஏழைகளின் தெருக்களைப் பிளந்துகொண்டுதான் பாதை யூஸ்டனுக்குள் நுழைந்தது. டிக்கன்ஸின் ‘டாம்பி அண்ட் சன்’ நாவலில் அந்த இடிபாடு வருகிறது. அதாவது யூஸ்டன் இடிப்பில் தொடங்கிய நிலையம். முதல் இடிப்புக்கு எந்தக் கனவானும் தூது போனதாக நான் படிக்கவில்லை. பணத்தின் கதையும் இருக்கிறது. 1833-இல் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்த பிரிட்டிஷ் அரசு இரண்டு கோடி பவுண்டு நட்டஈடு ஒதுக்கியது. யாருக்கு? அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்த எசமானர்களுக்கு. அந்தப் பணத்தில் ஒரு பங்கு அன்றைய இரயில் கம்பெனிகளின் பங்குகளாக மாறியது என்பதை இன்றைய வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

இவற்றைவிட முக்கியமாக நான் பேச வந்தது 1966-இல் நடந்த ஒன்று.

அஸ்க்வித் சேவியர், கரீபியத் தீவான டொமினிக்காவில் பிறந்த கறுப்பர். இலண்டன் மேரிலபோன் நிலையத்தில் கார்டு வேலை பார்த்தவர். அங்கே வேலை குறைந்ததால் யூஸ்டனுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பித்தார். அனுபவம் இருந்தது, தகுதி இருந்தது. மறுத்துவிட்டார்கள். துருவிக் கேட்டபோது காரணம் வெளியே வந்தது: தோல் நிறம். யூஸ்டனில் கார்டு, போர்ட்டர் மாதிரி பயணிகளோடு முகம் பார்த்துப் பழகும் வேலைகளுக்குக் கறுப்பர்களை எடுப்பதில்லை என்பது எழுதாத சட்டம். ஆனால் கூட்டிப் பெருக்கவும் மூட்டை தூக்கவும் கறுப்பர்கள் அதே நிலையத்தில் இருந்தார்கள்.

தோழர்களே, இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சுத்தம் பண்ணலாம், முன்னால் வரக்கூடாது. இந்தச் சட்டத்தை யாரும் எனக்கு ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. இதைத்தான் எங்கப்பா “நமக்கு லைன்தான் வழி” என்று சொன்னார்.

அந்த வருசத்தைக் கவனியுங்கள். 1966. கல் ஆர்ச் இடிந்து நாலு வருசம் ஆகிவிட்டது. பழைய மண்டபம் போய்விட்டது. புது நிலையம் எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு வாசல் மட்டும் கீறல் விழாமல் அப்படியே நிற்கிறது. ‘நவீனம்’ என்று சொல்லி இடித்தவர்கள் அதைத் தொடவில்லை. ‘பாரம்பரியம்’ என்று சொல்லி அழுதவர்கள் அதைப் பார்க்கவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் நடந்த சண்டை கல்லைப் பற்றியது. மனுசனைப் பற்றியதல்ல.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சேவியரை மறுத்த உள்ளூர்க் குழுவில் யூனியன்காரர்களும் இருந்தார்கள். அதே யூனியனின் மேரிலபோன் கிளைச் செயலாளர் ஜிம்மி பிரெண்டர்காஸ்ட்தான் விசயத்தை வெளியே கொண்டுவந்து போராடினார் என்பதும் உண்மை. பாராளுமன்றம் வரை போய், போக்குவரத்து அமைச்சர் பார்பரா காஸில் தலையிட்டு, 1966 ஜூலையில் பிரிட்டிஷ் ரயில் தடையை நீக்குவதாக அறிவித்தது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி சேவியர் யூஸ்டனில் வேலைக்குச் சேர்ந்தார். கொலை மிரட்டல் கடிதங்கள் வந்ததால் போலீஸ் பாதுகாப்போடு வேலைக்குப் போக வேண்டியிருந்தது. வேலை வாய்ப்பில் நிறப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அங்கே 1968-இல்தான் வந்தது. 1980-இல் சேவியர் இறந்தார்.

‘தொழிலாளி வர்க்கம் ஒன்று’ என்று நமக்குப் பாடம் எடுக்கிற தோழர்கள் இந்தக் குழுவை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பாபாசாகேப் அம்பேத்கர் 1938 பிப்ரவரியில் மன்மாடில் இரயில்வே தலித் தொழிலாளர் மாநாட்டில் பேசியது இதைத்தான். தீண்டப்படாதவன் கேங்மேனாகவே சேர்ந்து கேங்மேனாகவே சாகிறான், போர்ட்டர் வேலைகூடக் கிடைப்பதில்லை என்றார். காரணத்தையும் சொன்னார்: போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், மாஸ்டரோ சாதி இந்து. பிராமணியம், முதலாளித்துவம் இரண்டும் தொழிலாளிக்கு எதிரி என்று அவர் பிரகடனம் செய்ததும் அதே பேச்சில்தான். மன்மாடில் போர்ட்டர், யூஸ்டனிலும் போர்ட்டர். இருபத்தெட்டு வருச இடைவெளியில், இரண்டு கண்டங்களில், தடுக்கப்பட்ட வேலையின் பெயர்கூட மாறவில்லை. 1921-22-இல் இலண்டனில் படித்தபோது அம்பேத்கர் குடியிருந்த கிங் ஹென்றிஸ் ரோடு, யூஸ்டனுக்குப் போகும் இரயில் பாதையை ஒட்டிய பகுதியில்தான் இருக்கிறது.

அப்படியானால் ஆர்ச்சை இடித்தது சரிதானா என்று கேட்பார்கள். இல்லை. இடித்தவர்களும் நம் ஆட்கள் அல்ல. கல்லில் இருப்பது உழைத்தவனின் கைரேகை, அதை ஆற்றில் தள்ளுவது அவனை இரண்டாவது முறை புதைப்பது. திரும்பக் கட்டுவதென்றால் கட்டட்டும். ஆனால் வாயில் என்பது உள்ளே விடுவதற்கு மட்டும் உள்ளதல்ல, வெளியே நிறுத்துவதற்கும்தான். கோபுர வாசலில் தலைமுறை தலைமுறையாக நிறுத்தப்பட்டவர்களுக்கு இது தெரியும். வாயிலின் அழகை எழுதுகிறவன், அங்கே யாரை நிறுத்தினார்கள் என்பதையும் சேர்த்து எழுதவில்லையென்றால், அவன் எழுதுவது வரலாறு இல்லை. விளம்பரம்.

சேவியருக்கு யூஸ்டனில் ஒரு நினைவுப் பலகை உண்டு. 2020-இல் அவர் குடியிருந்த சாட்டம் ஊர் ஸ்டேஷனிலும் ஒன்று வைத்தார்கள். அந்தப் பலகை தானாக வரவில்லை. ஒருத்தர் விண்ணப்பம் போட்டார், மறுத்ததை மறைக்காமல் சொன்னார், இன்னொருத்தர் எழுதி வெளியே கொண்டுவந்தார். நம்மிடம் அந்தப் பதிவு இல்லை. நம்மூர் ஸ்டேஷன் முகப்புகளைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன, தூண்களின் உயரம் தெரிகிறது, கடிகாரம் எந்த ஊரில் செய்தது என்பது தெரிகிறது. எங்கப்பா பேரு எந்தப் பக்கத்திலும் இல்லை.

இரயில்வே குடியிருப்புகளில் பிறந்து வளர்ந்த தம்பிகளும் தங்கச்சிகளும் இந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பா, தாத்தாவுக்கு எந்த வேலையைத் தந்தார்கள், எந்த வேலையைக் கேட்டுத் தரவில்லை, எந்த வழியாக ஸ்டேஷனுக்குள் போனார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதை அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். எங்கப்பா இப்போது இல்லை. நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.