உத்தானம் யாருடைய உடலுக்கு?

பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் 'சரீர உத்தானம்' என்றொரு சொல் உண்டு. விசுவாசப் பிரமாணம் சொல்கிற ஒவ்வொருவரும் தாம் நம்புவதாக அறிக்கையிடுவது இதைத்தான். ஆத்துமாவின் அழியாமையை அல்ல, சரீரம் எழும்புவதை. இந்த வித்தியாசத்தை நம்மூர்ப் பிரசங்கங்கள் எப்போதோ தின்று செரித்துவிட்டன. சாவு வீட்டில் கேட்டுப்பாருங்கள்: ஆத்துமா பரலோகம் சேர்ந்துவிட்டது, உடம்பு வெறும் கூடு, அழாதீங்க. இதில் கிறிஸ்துவைவிட பிளேட்டோ அதிகம். சித்தர் பாட்டில் ஊறிய காதுக்கு உறுத்தவும் செய்யாது.

இந்த நம்பிக்கை பிறந்த இடமோ வதைக்களம். மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில் அந்தியோக்கு மன்னன் ஏழு சகோதரர்களைச் சித்திரவதை செய்கிறான். அவர்களில் ஒருவன் வெட்டுப்படப் போகும் கைகளை நீட்டி, கடவுளிடமிருந்து இவற்றைத் திரும்பப் பெறுவேன் என்ற பொருள்படப் பேசுகிறான். அரசதிகாரம் பறிக்கிற உறுப்புகள் மீதான உரிமைக்கோரல் அது. சாவுக்குப் பிறகு என்ன என்ற ஆர்வம் அங்கே இல்லை. கொன்றவன் ஜெயித்துவிட்டானா என்பதே கேள்வி. யோவான் நற்செய்தியில் உயிர்த்த இயேசு தோமாவுக்குக் காட்டுவதும் காயங்களைத்தான். கொலைக்கான சாட்சியத்தை அந்த உடல் அழித்துவிடவில்லை.

ஓரியூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. மீமிசலிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய் உள்ளே திரும்பினால் வருகிற ஊர். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி பாம்பாற்றங்கரையில் அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோவின் தலையை வெட்டினார்கள். கைகால்களையும் துண்டித்துக் கம்பத்தில் கட்டினார்கள். ரோமாபுரி அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்க 1947 ஆனது. சனங்கள் காத்திருக்கவில்லை. அவர் ரத்தத்தில் சிவந்ததாக நம்பும் மண்ணை அள்ளிப்போய் நோவு கண்ட உடம்பில் பூசினார்கள். வேற்று மதத்தாரும் இன்றுவரை அள்ளுகிறார்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிற நம் முற்போக்கு நண்பர்களுக்கும் வெகுசன பக்தி என்று வகைப்படுத்திவிட்டு நகர்கிற இறையியலாளருக்கும் ஒன்று தப்பிவிடுகிறது: வெட்டுண்ட உடம்பையும் நோயுற்ற உடம்பையும் அந்த மண் சேர்த்துவைக்கிறது. சரீர உத்தானத்தைப் பிரசங்கத்தைவிட இது நன்றாகவே புரிந்துவைத்திருக்கிறது.

ஓரியூர்க் கதையாடலிலும் ஒரு மௌனம் உண்டு. ஞானஸ்நானத்துக்காகத் தடியத்தேவர் ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இளையவள் சேதுபதிக்கு உறவு. அவள் முறையீடுதான் கொலைக்களம் வரை போனது. பக்திச் சரிதத்தில் அவள் வில்லி. நடுத்தெருவில் விடப்பட்ட பெண்களின் கதி என்ன என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய பிரதிகள், காலிக் கல்லறையைக் கண்டு பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகிற பெண்களோடு முடிந்துபோகின்றன (16:8). அந்த முடிவைப் பொறுக்க முடியாத பிற்காலத்தார் வசனங்களைச் சேர்த்தார்கள். பெண்ணின் பயத்தையும் மௌனத்தையும் பிரதிக்குள் அப்படியே விட்டுவைக்க ஆண்களால் முடிவதில்லை.

1995இல் வந்த திருவிவிலியம் விசுவாசத்தை 'நம்பிக்கை' என்றும், முன்பு நம்பிக்கை என்றிருந்ததை 'எதிர்நோக்கு' என்றும் மாற்றியது. இது வெறும் தனித்தமிழ் ஆசை இல்லை என்பது என் எண்ணம். எதிர்நோக்கில் இன்னும் வராததன் மீதான பார்வை இருக்கிறது. எர்ன்ஸ்ட் ப்ளாக் என்ற மார்க்சியரிடமிருந்து மோல்ட்மன் 1964இல் இறையியலுக்குள் கொண்டுவந்தது அதைத்தான். உயிர்ப்பு ஆறுதல் அல்ல, இருப்பதோடு முரண்படுவது என்றார் அவர். அபின் என்ற ஒற்றைச் சொல்லோடு மதத்தை முடித்துக்கொள்ளும் தோழர்கள் ப்ளாக்கைக் கொஞ்சம் புரட்டிப்பார்க்கலாம்.

ஆனால் எதிர்நோக்குகிறவன் எங்கே நின்று நோக்குகிறான்? திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணங்களையும் சாதிக் கிறிஸ்தவப் பிணங்களையும் பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். ஆத்துமா மட்டும்தான் மோட்சம் போகுமென்றால் இந்தச் சுவரைச் சமூக வழக்கம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். உடம்பே எழும்பும் என்று ஞாயிறுதோறும் சொல்லிக்கொண்டு சுவரும் கட்டுவதென்றால், எழும்பும்போதும் தள்ளியே எழும்பு என்றுதானே அர்த்தம்? தீட்டு மறுமை வரைக்கும் நீள்கிறது. சுவர் கட்டியவர்கள் ஒருவகையில் சரீர உத்தானத்தை முழுமையாக நம்பியவர்கள். அதனால்தான் அவர்களுக்குப் பயம்.

2010இல் அந்தச் சுவரை இடிக்கப் போனவர்கள் பெரியாரியவாதிகள், அதாவது கடவுளையும் மறுமையையும் மறுக்கிறவர்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று தீர்த்தம் தெளிக்கப் போகிற குருவானவர் சுவரின் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பித்திருப்பார்?