மீட்டரில் அளக்கும் மழை

பெங்களூரில் ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாய்களைப் பற்றிப் பேச்சு வந்தால் கே-100 என்ற பெயர் வராமல் இருப்பதில்லை. மெஜஸ்டிக் பக்கம் தொடங்கி, சாந்திநகர் வழியாகப் பெல்லந்தூர் ஏரியை நோக்கி இறங்கும் அந்தக் கால்வாயைச் சீரமைக்கும் பணி 2021இல் தொடங்கியது. அப்போது சொல்லப்பட்ட மதிப்பு சுமார் 175 கோடி ரூபாய். நடைபாதை, சிறு பாலங்கள், செடிகள், விளக்குகள் என்று படங்கள் வந்தன. சியோல் நகரின் சோங்கேச்சோன் ஓடை முன்மாதிரியாகக் காட்டப்பட்டது. நகரின் மற்றக் கால்வாய்களுக்கும் இதுவே வழி என்று வாதிடுவோர் இன்று பெருகிவிட்டார்கள். நகரின் நீர்நிலைகளை மீட்கும் முறை இதுதான் என்ற அந்த வாதம் தவறானது.

திட்டத்தின் நன்மைகளை மறுக்கவில்லை. கால்வாயில் கலந்த கழிவுநீரைப் பிரித்துக் குழாய்க்குத் திருப்பும் வேலையை அது கையிலெடுத்தது. சாக்கடை என்று முதுகைக் காட்டி நின்ற தெருக்களை அதன் பக்கம் திரும்ப வைத்தது. நடக்க இடமில்லாத நகரத்தில் ஒரு நடைபாதை கிடைப்பதும் நல்லதுதான்.

என் மறுப்பு ஒன்றே ஒன்று, நெடுநாளாக உள்ளது. நம்முடைய மழைநீர்த் திட்டங்கள் மீட்டரில் அளக்கப்படுகின்றன. எத்தனை கிலோமீட்டர் தூர் வாரினோம், எத்தனை கிலோமீட்டர் தடுப்புச்சுவர் எழுப்பினோம், எத்தனை மீட்டர் நடைபாதை போட்டோம் என்பதே அறிக்கை. உலக வங்கிக் கடனோடு திட்டமிடப்படும் பணிகளிலும் பேச்சு தடுப்புச்சுவரைச் சுற்றியே நடக்கிறது. பெய்த மழையில் எத்தனை லிட்டரைப் பெய்த இடத்திலேயே நிறுத்தினோம் என்று கேட்பவரைக் காணோம். அளவுகோல் நீளம் என்பதால் திட்டம் தானாகவே நீரோட்டத்தின் கடைசிப் பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. பெரிய கால்வாயும் பெரிய ஒப்பந்தமும் அங்கேதான் இருக்கின்றன. மேட்டிலுள்ள ஒரு கூரையையும் பள்ளிக்கூட முற்றத்தையும் கிலோமீட்டரில் எழுத முடியாது. அதனால் அவை திட்டத்துக்குள் வருவதே இல்லை.

முன்மாதிரியாகக் காட்டப்படும் சியோல் ஓடையையே எடுத்துக்கொள்வோம். 2005இல் திறக்கப்பட்ட அந்த 5.8 கிலோமீட்டர் ஓடையில் ஓடும் நீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து தினமும் பம்பு வைத்து ஏற்றப்படுவது. மேலிருந்த மேம்பாலத்தை இடித்து ஓடையைத் திறந்தது துணிச்சலான காரியம். ஆனால் ஓடைக்கு நீர் தந்த மேட்டு நிலம் அங்கே மீளவில்லை. அதை நகர அழகுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், நீர்ப்பிடிப்பு மீட்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்ல முடியாது.

வேறு அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவின் ஃபிலடெல்பியா நகரம் 2011இல் 25 ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது ஏக்கரில் கணக்கு வைத்தது. ஓர் ஏக்கர் தார், கூரை, சிமென்ட் பரப்பில் விழும் முதல் ஓர் அங்குல மழையைச் சாக்கடைக்கு ஓடவிடாமல் பிடித்தால்தான் அந்த ஏக்கர் கணக்கில் சேரும். இலக்கு ஏறத்தாழ 10,000 ஏக்கர். கணக்கு இப்படி இருக்கும்போது பொறியாளர் மேடேறித்தான் ஆக வேண்டும். கார் நிறுத்துமிடம், பள்ளி மைதானம், நடைபாதை ஓரம் எல்லாவற்றையும் தேடிப் போக வேண்டும். மேரிலாந்தின் நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பு மையம் 2007இல் வெளியிட்ட கையேடும் இதையே சொல்கிறது: முதலில் சிறு நீர்ப்பிடிப்பு முழுவதையும் வரைபடத்தோடு நடந்து பார், நீரைத் தேக்கக்கூடிய இடங்களைக் குறி, பிறகு திட்டம் போடு.

பெங்களூரின் காக்ஸ் டவுனில் அப்படி நடந்து பார்த்தால் என்ன தெரியும்? ஆங்கிலேயர் காலத்துச் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனின் கடைசி கலெக்டரான காக்ஸின் பெயரைத் தாங்கிய இந்தப் பகுதி, அல்சூர் ஏரிக்கு நீர் தரும் நிலத்தில் இருக்கிறது. ஏரிக்கு வரும் வடிகால்களில் ஒன்று இங்குள்ள தொட்டிகுண்டாவின் பெயரால் அறியப்படுவது. ஏரியின் நீர்ப்பிடிப்பு சுமார் 11.5 சதுர கிலோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கே அதில் 1 கோடியே 15 லட்சம் லிட்டர் விழுகிறது. 50 மில்லிமீட்டர் பெய்தால் 57 கோடி லிட்டரைத் தாண்டும். தோட்டமும் ஓட்டுக்கூரையுமாக இருந்த பங்களா மனைகளில் இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. தெருவோரம் போடும் வடிகாலுக்கும் அடியில் சிமென்ட்தான். மண்ணைத் தொடாமலே மழை ஏரிக்குப் போகிறது, போகும் வழியில் கழிவுநீரையும் சேர்த்துக்கொள்கிறது. 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. 2009இல் அதே ஏரிக்கருகே திருவள்ளுவர் சிலை திறக்கப்பட்டபோது தமிழகமே திரும்பிப் பார்த்தது. ஏரிக்குள் என்ன வந்து விழுகிறது என்பதை அதே அக்கறையோடு பார்த்தவர்கள் மிகச் சிலர்.

தணிக்கைத் துறை 2021இல் வைத்த அறிக்கையில் ஒரு கணக்கு இருக்கிறது. கே-100 ஓடும் கோரமங்களா பள்ளத்தாக்கில் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 113 கிலோமீட்டர் இருந்த வடிகால்கள் 2016-17இல் 63 கிலோமீட்டராகச் சுருங்கியிருந்தன. பெரிய கால்வாய் சுலபத்தில் தொலைவதில்லை. தொலைவது அதற்கு நீர் கொண்டுவந்த மேட்டுச் சிறுகால்வாய். மிச்சமிருக்கும் பெரிய கால்வாய்க்குச் சுவர் கட்டுவதால் தொலைந்தவற்றில் ஒன்றுகூடத் திரும்பி வராது. வழவழப்பான நேர்ச்சுவருக்குள் நீர் இன்னும் வேகமாக ஓடிக் கீழே இருப்பவர் வாசலுக்கு முன்னதாகவே போய்ச் சேரும். 2022 செப்டம்பர் 4 இரவில் 131.6 மில்லிமீட்டர் பெய்தபோது மூழ்கியவை பெல்லந்தூர், மகாதேவபுரா பக்கத்துத் தாழ்நிலங்கள். அதற்குப் பிறகும் சுவர் போதவில்லை என்ற முடிவுக்கே அதிகாரிகள் வந்தார்கள்.

மேட்டில் செய்யச் சட்டமும் இருக்கிறது, கைத்திறனும் இருக்கிறது. 2009 முதல் பெங்களூரில் 60-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். தமிழ்நாட்டில் 2003லேயே வீட்டுக்கு வீடு வந்த ஏற்பாடு அது. ஆனால் பெங்களூரில் அது குடிநீர் வாரியத்தின் கையில், வடிகால் நகர நிர்வாகத்தின் கையில். ஒரு வீடு பிடித்த நீர் ராஜகால்வாயின் கணக்கில் எங்கும் வராது. செய்யாதவர் தண்ணீர்க் கட்டணத்தோடு அபராதத்தைக் கட்டிவிட்டு இருந்துவிடுகிறார். இதற்கிடையில் பயோம் அறக்கட்டளை பரம்பரைக் கிணறு வெட்டிகளான மண்ணு வட்டர்களோடு சேர்ந்து பத்து லட்சம் கிணறு இயக்கத்தை நடத்திவருகிறது. கப்பன் பூங்காவில் பழைய கிணறுகளைத் தூர் வாரிப் புதிதாக உறைகிணறுகளும் இறக்கினார்கள். மூன்றடி விட்டம், இருபதடி ஆழமுள்ள ஓர் உறைகிணறு ஒரே நேரத்தில் 4,000 லிட்டரை வாங்கும். 1,500 சதுர அடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் மழைக்கு விழுவது சுமார் 7,000 லிட்டர். ஒரு கிணறும் ஒரு தொட்டியும் இருந்தால் அந்த வீட்டுக் கூரையிலிருந்து அன்று தெருவுக்கு நீர் வராது.

பெருமழை நாளில் இந்தச் சிறு கிணறுகள் அரை மணியில் நிரம்பிவிடும் என்பார்கள். நிரம்பட்டும். அந்த அரை மணி நேரத் தாமதம்தான் கீழே வெள்ளத்தின் உச்சத்தைக் குறைப்பது. மேட்டில் பாறை இருக்கிறது, எல்லா இடத்திலும் நீர் இறங்காது என்பார்கள். இறங்காத இடத்தில் தொட்டி கட்டலாம், பூங்காவைத் தாழ்த்தலாம். ஆயிரம் வீட்டுக்காரர்களோடு பேச முடியாது என்பதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். ஓர் ஒப்பந்ததாரரோடு பேசுவது எளிது.

இது பெங்களூர்க்காரர் கவலை மட்டுமல்ல. அல்சூரின் உபரி பெல்லந்தூருக்கும் வர்த்தூருக்கும் போய், தென்பெண்ணையில் கலந்து ஓசூரின் கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அங்கே மதகில் பொங்கும் நுரையைத் தமிழ்நாட்டு விவசாயி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே திட்டம் போடுவோரிடம் ஒரு கோரிக்கை. அல்சூர் ஏரியின் 11.5 சதுர கிலோமீட்டரையும் ஒரே அலகாக எடுங்கள். டெண்டரின் முதல் வரியில், பிடிக்க வேண்டிய நீரை லிட்டரில் எழுதுங்கள். காக்ஸ் டவுனின் பள்ளிகள், கோயில், சர்ச், மசூதி வளாகங்கள், அடுக்குமாடிகள், பூங்காக்கள் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பங்கு வையுங்கள். குடிநீர் வாரியமும் நகர நிர்வாகமும் அந்த ஒரே எண்ணுக்குப் பதில் சொல்லட்டும். அந்த வேலை முடிந்த பிறகு எவ்வளவு நீர் மிஞ்சுகிறது என்று பார்த்துக் கால்வாய்ச் சுவரின் உயரத்தை முடிவு செய்யுங்கள். அதுவரை கே-100ஐ நல்ல நடைபாதை என்றே சொல்வோம். நீர்ப்பிடிப்பு மீட்பு என்ற பெயரை அதற்குத் தர வேண்டாம்.