க. சுப்பிரமணியத்தின் அணுக்கொள்கைச் சிந்தனை: ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருச்சிராப்பள்ளியில் பிறந்த க. சுப்பிரமணியம் (1929–2011), இந்தியப் பாதுகாப்புச் சிந்தனையை வடிவமைத்தவர்களுள் முதன்மையானவர். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை அவர் மறுத்த முறையையும், அம்மறுப்பு பின்னாளில் அடைந்த மாற்றத்தையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச் சொற்கள்: அணு ஆயுதப் பரவல் தடை, அச்சுறுத்தித் தடுத்தல், கார்கில், கல்பாக்கம்

முன்னுரை

சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் பயின்று, 1951ஆம் ஆண்டுத் தொகுதியில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர் சுப்பிரமணியம். 1968இல் புதுதில்லியின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்திற்கு இயக்குநரானார். பரவல் தடை ஒப்பந்தம் கையொப்பத்திற்கு வைக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே.

மறுப்பின் வலிமை

1967 சனவரி 1க்கு முன் அணுகுண்டு வெடித்த நாடுகளை மட்டுமே அவ்வொப்பந்தம் அணு ஆயுத நாடுகளாக ஏற்கிறது. இந்த நாட்கணக்கை அறமாகக் கொள்ளாமல் அதிகாரப் பகிர்வாகக் கண்டதே சுப்பிரமணியத்தின் பங்களிப்பு. அணு ஆயுதத்தைப் போர்க்கருவியாகக் கருதாமல் அரசியல் கருவியாகக் கருதியமையால், குறைந்த அளவு படைக்கலமே போதும் என்றார். அவர் தலைமையேற்ற குழு 1999 ஆகஸ்டில் வெளியிட்ட அணுக்கோட்பாட்டு வரைவில், முதலில் பயன்படுத்தாமை என்னும் உறுதி இடம்பெற்றது.

இரு சோதனைகள்

1998 மே மாத வெடிப்புகளுக்கு ஓராண்டு கழிந்து கார்கில் போர் மூண்டது. அணு ஆயுதம் போரைத் தடுக்கும் எனில், இப்போர் ஏன் நிகழ்ந்தது? அதனை ஆராய்ந்த குழுவுக்குத் தலைவரும் சுப்பிரமணியமே. உளவுத்துறைக் குறைகளை அக்குழு வெளிப்படையாகச் சுட்டியது பாராட்டத்தக்கது. எனினும், அணு நிழலில் வரம்புக்குட்பட்ட போர் நிகழக்கூடும் என்னும் உண்மை, அவர் கோட்பாட்டின் எல்லையைக் காட்டுகிறது.

இரண்டாவது சோதனை, இந்திய – அமெரிக்க அணுசக்தி உடன்பாடு. சுப்பிரமணியம் அதனை ஆதரித்தார். 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்குநர் குழு இந்தியாவுக்கு விலக்களித்தது. பாகுபாடு மிக்க ஒழுங்கு நீங்கவில்லை. இந்தியாவுக்கு அதில் ஓர் இடம் கிடைத்தது. நாட்டுநலன் நோக்கில் இது வெற்றி. அனைவருக்கும் ஒரே நீதி என்ற பழைய வாதத்தின் நோக்கிலோ, இது பின்வாங்கல். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் சுப்பிரமணியத்தைப் போற்றுகின்றனரேயன்றித் திறனாயவில்லை.

முடிவுரை

திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே கடற்கரையை அடைந்தால் கல்பாக்கம். அங்குள்ள வேக ஈனுலை பன்னாட்டுக் கண்காணிப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டது. தெற்கே கூடங்குளம் கண்காணிப்புக்குள் உள்ளது. இப்பிரிவினையின் பின்னுள்ள வாதங்கள் பெரிதும் ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தன. 1999இல் பத்மபூஷண் விருதை மறுத்து, அரசுப் பணியாளரும் இதழாளரும் அரசு விருது பெறலாகாது என்றவர் சுப்பிரமணியம். அவரை வழிபாடின்றி வாசிப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை. அவ்வாசிப்பு தமிழில் தொடங்க வேண்டும். உலைகளின் அருகில் வாழ்வோர் பேசும் மொழி அதுவே.