கதறல் என்றொரு சொல்

ஒரு சமூகத்தின் மதிப்பீடுகளை நீதி நூல்களில் தேடுவது நம் பழக்கம். அது பாராட்டவும் ஏசவும் எடுக்கிற சொற்களில் தேடுவது இன்னும் பயன் தரும். அச்சொற்கள் இன்று சமூக ஊடகங்களில் வார்க்கப்பட்டுத் தெருவுக்கு வருகின்றன.

ஊரப்பாக்கம் ரயில் நிலையத்தில் தாம்பரம் போகும் வண்டிக்கு நின்றிருந்தபோது, ஒரு பாட்டு நன்றாக அமைந்ததை இளைஞர்கள் 'சம்பவம்' என்றார்கள். செய்தித்தாளில் 'சம்பவ இடம்' என்றால் போலீஸ் விரைகிற இடம். ரவுடிகளின் பாஷையில் சம்பவம் என்பது வெட்டு. 2019இல் 'பேட்ட' வந்ததையொட்டி 'தரமான' என்ற அடையுடன் அது எங்கும் பாராட்டாகப் பரவியது. எதுவும் சிறப்பாக நடந்தால் யாரோ அடிபட்டிருக்க வேண்டும் என்ற எண்ணம் இதில் ஒளிந்திருக்கிறது.

அடிபட்டவன் வாய் திறந்தால்? அதற்கும் சொல் தயார்: 'கதறல்'.

இதெல்லாம் விளையாட்டு என்பார்கள். விளையாட்டை நான் மறுக்கவில்லை. 'ஃப்ரெண்ட்ஸ்' (2001) படத்தில் வடிவேலு நடித்த காண்ட்ராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழும். 2019 மே மாத இறுதியில், சுத்தியலுக்கு உங்கள் ஊரில் என்ன பெயர் என்று முகநூலில் எழுந்த ஒரு கேள்விக்கு யாரோ அந்தக் காயத்தை நினைவூட்ட, நேசமணிக்கான பிரார்த்தனை ட்விட்டரில் உலக அளவில் முன்னுக்கு வந்தது. அசலான கூட்டுக் கற்பனை அது. இல்லாத மனிதனின் வலிக்காக அழுவதுபோல் பாவனை செய்தோம், யாருக்கும் நஷ்டமில்லை.

'கதறல்' இதற்கு நேர் எதிர். இருக்கிற மனிதனின் வலியையே பாவனை என்று அது தள்ளிவிடுகிறது. தெருவில் முழங்காலளவு மழைநீர் நிற்பதாக இவ்வூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். வந்த முதல் பதில்: 'கதறல் ஆரம்பம்'. அவர் யாரைக் குறை சொல்கிறார் என்று பார்த்துக்கொண்ட பிறகே தண்ணீர் எவ்வளவு என்று படிக்கிறோம். நானும் அப்படித்தான் படித்தேன்.

சாவு வீட்டில் கதறல் எழுந்தால் பகையாளியும் படியேறுவான். கேட்டவனைச் சும்மா இருக்கவிடாத ஓசை அது. அந்தக் கட்டாயம்தான் அச்சொல்லின் பொருள். இன்று அதே சொல்லைச் சொல்லிவிட்டு நாம் வீட்டிலேயே இருந்துகொள்கிறோம். சொல் தேய்ந்ததல்ல என் கவலை. நாளை நிஜமாக ஒருவன் கதறும்போது, அதற்கு நம்மிடம் வேறு பெயர் இல்லை.