வலது பக்கத்து ஸீட்

மறைமலை நகரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஊர்ந்து போகும் டிரைவிங் ஸ்கூல் கார்களைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டியரிங் பிடித்தவர் வியர்த்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் மாஸ்டர், வெளியே வேடிக்கை பார்ப்பது போலிருப்பார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். அந்தக் கால் சீக்கிரம் அசைந்தால் மாணவன் ஓட்டக் கற்றுக்கொள்ள மாட்டான். தாமதமாக அசைந்தால் கற்றுக்கொள்ள மாணவன் இருக்க மாட்டான். மாஸ்டரின் மொத்த வித்தையும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

விமானத்திலும் இதே சமாசாரம்தான். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரும் சின்னப் பயிற்சி விமானங்களில் மாணவன் இடது பக்கம், வாத்தியார் வலது பக்கம்.

அந்த வலது பக்கத்து ஸீட்டுக்கு ஆசைப்பட்டு எங்கள் தெருப் பையன் ஒருவன் லேப்டாப்போடு வந்தான். கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கிவிட்டான். அதற்காக அப்பாவின் செட்டில்மென்ட் பணம் போனது. வீட்டின் மேல் கடனும் வந்தது. ஏர்லைன் வேலை மட்டும் வரவில்லை. "இன்ஸ்ட்ரக்டர் ஆனா பறந்த மணிக்கணக்கு ஏறும் அங்கிள். பாடமெல்லாம் ஆன்லைன்லயே இருக்கு. நீங்களும் பாருங்களேன்" என்றான். இங்கே டி.ஜி.சி.ஏ.வின் விதிமுறைகள் வேறு. கற்பிக்கும் கலைக்காக அமெரிக்கப் பாடங்களையும் எடுத்து வைத்திருந்தான். நாலு சாயங்காலம் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பாராட்டு. வானிலை, வழி கண்டுபிடித்தல், விமானத்தின் உள்விவகாரம் எல்லாவற்றையும் படம் போட்டு அழகாக விளக்குகிறார்கள். புரியாவிட்டால் பத்துத் தடவை திருப்பிப் போடலாம். வாத்தியார் முறைக்க மாட்டார். கிரவுண்ட் க்ளாஸுக்காக டெல்லி துவாரகாவில் ரூம் எடுத்து, சப்பாத்தி சாப்பிட்டுக் காலம் தள்ள வேண்டாம். ராத்திரி பதினோரு மணிக்கு மறைமலை நகர் மொட்டை மாடியில் படிக்கலாம். கடன் வாங்கிப் படிக்கிற வீட்டில் இது சின்ன விஷயமில்லை.

சிக்கல், 'கற்பிப்பது எப்படி' என்ற பகுதிக்கு வரும்போது ஆரம்பிக்கிறது. இதற்கு மூலநூல், அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ. வெளியிடும் 'ஏவியேஷன் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஹேண்ட்புக்'. இணையத்தில் இலவசம். நல்ல புத்தகம். விமானமே ஓட்டாத பள்ளிக்கூட டீச்சர்களும் படிக்கலாம். கற்றலுக்கு நான்கு படிகள் என்கிறது: மனப்பாடம், புரிதல், செய்து பார்த்தல், ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தல். அதில் மனப்பாடம்தான் ஆகக் கீழ்ப்படி.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். இந்தப் பகுதிக்கு அமெரிக்காவில் 50 கேள்விகள். விடைகளில் ஒன்றை 'டிக்' செய்ய வேண்டும். 70 சதவீதம் வாங்கினால் பாஸ். ஆகவே நான் பார்த்த பாடங்கள் இந்த நான்கு படிகளின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு சூத்திரம் செய்து, அதை நெட்டுருப் போடச் சொல்கின்றன. மனப்பாடம் மட்டம் என்பதையே மனப்பாடம் செய்கிறான் பையன்! நம் டியூஷன் சென்டர்கள் தோற்றன.

பரீட்சைக்குப் பண்ணட்டுமே, என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சோதித்துப் பார்த்தேன். சமையலறையிலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு 'ஸ்டால்'னா என்னன்னு சொல்லு" என்றேன். "டீ ஸ்டாலா?" என்றாள். பையன் சிரித்துவிட்டு இலக்கணசுத்தமாகச் சொன்னான்: காற்றை இறக்கை சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் தூக்குவிசை குறைந்துவிடும். "மூக்கை மேலே தூக்கினா மேலதானே போகணும், ஏன் விழுது?" என்றாள். பையன் அதே வரையறையை இன்னும் வேகமாகச் சொன்னான். மூன்றாவது முறை இன்னும் சத்தமாக.

அவள் கேட்டது அசட்டுக் கேள்வி இல்லை, ஸார். புது மாணவன் வானத்தில் கையால் கேட்கிற கேள்வி அதுதான். விமானம் ஸ்டால் ஆகி மூக்கு கீழே சாயும்போது, பயத்தில் கை தானாகக் கன்ட்ரோலைப் பின்னால் இழுக்கும். நிலைமை இன்னும் மோசமாகும். பிழைக்க வேண்டுமானால் முன்னால் தள்ள வேண்டும். அதே கைப்புத்தகம் சொல்கிறது: முதலில் கற்றது அழுத்தமாகப் பதியும். முதல் பாடத்தைக் குழப்பிய வாத்தியார் வேறு வேலைக்குப் போய்விடலாம். குழப்பம் மாணவனோடு பறந்துகொண்டிருக்கும்.

ஒரு பழைய கதை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஓட்டத் தெரிந்தவரெல்லாம் வாத்தியார். பயிற்சியிலேயே ஏராளமான இளைஞர்கள் செத்தார்கள். 1917-ல் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ராபர்ட் ஸ்மித்-பாரி என்ற அதிகாரி, வாத்தியார்களுக்கே தனியாகப் பாடம் வைத்தார். ஆபத்தைத் தவிர்க்கச் சொன்னால் போதாது, அதில் போய் மீண்டு வரவும் சொல்லிக்கொடு என்றார். இன்ஜின் இரைச்சலில் பேச ஒரு ரப்பர் குழாய் வந்தது. 'காஸ்போர்ட் டியூப்' என்று பெயர். பிற்காலப் பயிற்சி விமானங்கள் பலவற்றில் அது ஒருவழிப் பாதை: வாத்தியார் பேசலாம், மாணவன் பதில் சொல்ல முடியாது. பதிவு செய்த வீடியோ பாடமும் அந்தக் குழாய்தான். நூறு வருஷம் கழித்து ஹை டெஃபனிஷனில் வந்திருக்கிறது.

மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறினால் தாம்பரம். அங்கே இந்திய விமானப்படையின் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல் இருக்கிறது. 1948-ல் அம்பாலாவில் ஆரம்பித்து, 1954-ல் இங்கே வந்தது. அங்கே சேருகிறவர்கள் ஏற்கனவே பைலட்கள். அவர்களை மறுபடி மாணவராக்கிப் பல மாதம் வாத்தியார் வேலை கற்றுத்தருகிறார்கள். ஓட்டிக்கொண்டே, கை செய்வதை வாய் அதே கணத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். இதற்கு 'பேட்டர்' என்று பெயர். வாத்தியார் பயிற்சியில் எங்குமே ஒரு வழக்கம் உண்டு: மூத்தவர் மாணவனாக நடித்து வேண்டுமென்றே தப்புச் செய்வார், இளையவர் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். நான் பார்த்த எந்த வீடியோவும் தப்புச் செய்யவில்லை. பார்க்கிறவனின் தப்பும் அதற்குத் தெரியவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: விஷயம் தெரிந்துகொள்ள ஆன்லைன் பாடம் வாங்குங்கள். ஆனால் அது முடிந்ததும் தரும் சான்றிதழை வாத்தியார் பட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கைப்புத்தகத்தை இலவசமாக இறக்கிப் படியுங்கள். பிறகு, குறுக்கே கேள்வி கேட்கிற ஒருவரைப் பிடித்துப் பாடம் நடத்துங்கள். அம்மா, தங்கை, பால்காரர், யாராயிருந்தாலும் சரி. பிள்ளையைப் பைலட் படிப்பில் சேர்க்கும் பெற்றோர், எத்தனை விமானம் என்று கேட்பதோடு, வாத்தியார் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள்.

பையன் அடுத்த வாரம் வந்தான். லேப்டாப் இல்லை. டேபிள் ஃபேனைப் போட்டு என் மனைவியின் உள்ளங்கையை அதன் முன்னால் நீட்டச் சொன்னான். "லேசா சாய்ங்க ஆன்ட்டி, மேலே தூக்குதா? இன்னும் சாய்ங்க. இன்னும்." கை மேலே போவதை விட்டுப் பின்னால் போனது.

"அட, ஆமாம்" என்றாள்.

அந்த 'அட'வுக்குப் பரீட்சையில் மார்க் கிடையாது.